பதினோரு ஃபிளாப்பிகளில் பிரித்துப் பதிந்த மலர்: ஏழாவது வட்டு திறக்க மறுக்கிறது

கேள்வி: கொருக்குப்பேட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பா 1994 முதல் 2003 வரை மண்ணடியில் ஒரு சந்துக்குள் டி.டி.பி. மையம் நடத்தினார். திருமணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் என்று வந்த வேலைகளுக்கு நடுவே, எங்கள் தெருப் படிப்பகத்தின் வெள்ளி விழா மலரையும் 1998இல் அவர்தான் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுத்தார். அந்த மலரின் ஒரு பிரதிகூட இன்று எங்கள் பகுதியில் இல்லை. படிப்பகத்தில் இருந்தவை 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போயின. வீடுகளில் இருந்தவற்றைக் கரையான் தின்றுவிட்டது. படிப்பகத்தைத் தொடங்கிய பெரியவர்களில் மூன்று பேர்தான் இப்போது இருக்கிறார்கள். அந்த மலரை மறுபடியும் ஒரு முறை பார்க்க முடியுமா என்று அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பரணை ஒழித்தபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பதினோரு ஃபிளாப்பிகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் லேபிளிலும் அப்பாவின் கையெழுத்தில் ‘மலர் 1/11’, ‘மலர் 2/11’ என்று வரிசையாக எழுதியிருக்கிறது. லேபிளின் மூலையில் சிவப்பு மையில் இரண்டு சிறிய சரிக்குறிகளும் உள்ளன.

யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கி என் மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். முதல் வட்டில் ‘மலர்’ என்ற பெயரில் ஏ.ஆர்.ஜே. என்ற பின்னொட்டோடு ஒரே ஒரு கோப்பு இருந்தது. இரண்டாவது வட்டில் அதே பெயரில் ஏ01 என்றும், மூன்றாவதில் ஏ02 என்றும் பின்னொட்டுகள் மாறிக்கொண்டே போயின. முதல் ஆறு வட்டுகளையும் கணினிக்குள் எடுத்துவிட்டேன். ஏழாவது வட்டைப் போட்டதும், இந்த வட்டு வடிவமைக்கப்படவில்லை (ஃபார்மேட் செய்யப்படவில்லை), இப்போது வடிவமைக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துவிட்டேன். அதன்பிறகு போட்ட எட்டாவது, ஒன்பதாவது வட்டுகளிலும் டிரைவ் கரகரவென்று ஒலி எழுப்பியதே தவிர எதுவும் திறக்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. ஏழாவது வட்டு இல்லாமல் மற்றவற்றை இணைக்க முடியுமா? வடிவமைத்தால் உள்ளே இருப்பது கிடைக்குமா, அழிந்துவிடுமா? வட்டின் மேல் 1.44 எம்.பி. என்று அச்சிட்டிருக்கிறது, ஆனால் கணினி காட்டும் மொத்தக் கொள்ளளவு 14,57,664 பைட்டுகள்தான். இந்த வேறுபாடு ஏதேனும் பழுதின் அறிகுறியா?

பதில்: மண்ணடி அச்சுக்காரர்

மகளே, வணக்கம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எக்காரணம் கொண்டும் அந்த வட்டை வடிவமைக்க வேண்டாம். விண்டோஸ் எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

நான் 1991 தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் மண்ணடியில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தவன். உங்கள் தந்தையை எனக்குத் தெரிந்திருக்கக்கூடும். தெரியாவிட்டாலும் அவர் செய்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் பக்கம் அமைப்பது ஓரிடம், பிலிம் எடுப்பது வேறிடம். எங்கள் கணினியில் பேஜ்மேக்கரில் முடித்த கோப்பைப் பிலிம் எடுக்கும் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சிடி எழுதும் கருவி எங்களைப் போன்ற சிறிய மையங்களில் கிடையாது, 100 எம்.பி. கொள்ளும் தனி வகை வட்டுகளுக்கான சிப் (Zip) டிரைவ் வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் அதே கருவி இருக்க வேண்டும். எந்தக் கணினியிலும் தவறாமல் இருந்தது ஃபிளாப்பி டிரைவ் ஒன்றுதான்.

எழுத்து மட்டும் இருக்கும் கோப்பு ஒரு வட்டில் அடங்கிவிடும். புகைப்படம் வந்துவிட்டால் கதை மாறிவிடும். ஏ4 அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால், அகலத்தில் 2,480 புள்ளிகளும் உயரத்தில் 3,508 புள்ளிகளும் வரும். புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் 86,99,840 பைட்டுகள் ஆகின்றன. அந்த ஒரு படத்துக்கே ஆறு ஃபிளாப்பிகள் வேண்டும். உங்கள் மலரைப் படங்களோடு சேர்த்துச் சுருக்கிய பிறகும் பதினோரு வட்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன என்றால், அவர் படங்களின் தரத்தைக் குறைக்காமல் வைத்திருக்கிறார் என்று பொருள்.

பின்னொட்டுகளை வைத்துப் பார்த்தால், அவர் ஏ.ஆர்.ஜே. என்ற சுருக்கும் மென்பொருளால்தான் பிரித்திருக்கிறார். பலர் அன்று பி.கே.சிப் (PKZIP) என்ற வேறொரு சுருக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது பல வட்டுகளில் பரப்பி எழுதும்போது எல்லா வட்டுகளிலும் ஒரே கோப்புப் பெயரை வைத்துவிட்டு, வட்டின் அடையாளப் பெயரில் மட்டும் எண்ணிட்டுக்கொள்ளும். உள்ளடக்கப் பட்டியல் கடைசி வட்டில் இருப்பதால், பிரிக்கத் தொடங்கும்போதே கடைசி வட்டைக் கேட்கும். அது கெட்டிருந்தால் தொடக்கத்திலேயே தடுமாற்றம்தான். ஏ.ஆர்.ஜே. அப்படியன்று. ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயர், தனித் தலைப்பு. எல்லாப் பகுதிகளையும் ஒரே கோப்புறையில் போட்டு வைக்கலாம். நடுவில் ஒரு பகுதி இல்லாவிட்டாலும், அந்தப் பகுதிக்குள் சிக்காத கோப்புகளை மற்றவற்றிலிருந்து எடுத்துவிடலாம். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: முழுமையாக இணையாது, ஆனால் பெரும்பகுதி கிடைக்கும்.

வெறுமனே கோப்பைத் துண்டு போடும் சிறிய மென்பொருள்களும் இருந்தன. அவற்றின் துண்டுகளை டாஸ் இயங்குதளத்தின் காப்பி கட்டளையால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் போதும். ஆனால் அந்தக் கட்டளையில் ‘சாய்கோடு பி’ என்று சேர்க்க மறந்தால், அது கோப்புகளை வெறும் எழுத்துக் கோப்புகளாகக் கருதி, 26 என்ற மதிப்புள்ள பைட்டை எங்கே சந்தித்தாலும் அதையே கோப்பின் முடிவாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாட்காட்டி வேலையில் நான் அப்படி மறந்துவிட்டேன். ஆறு துண்டுகளையும் ஒட்டிய பிறகு வந்த கோப்பு ஒரு துண்டின் அளவுகூட இல்லை. காரணம் தெரியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். காலையில் வாடிக்கையாளரிடம் ஒரு நாள் தவணை கேட்க நேர்ந்தது. அதற்குப் பிறகு நான் ஏ.ஆர்.ஜே.யை விட்டு மாறவே இல்லை.

அந்தச் சிவப்புச் சரிக்குறிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் பொறுப்பாக வேலை செய்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வட்டுகளில் எழுதி முடித்ததும் ஏ.ஆர்.ஜே.யின் சோதனைக் கட்டளையைக் கொடுத்து, எல்லா வட்டுகளையும் மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் செய்வோம். பிழையில்லாமல் வந்தால் ஒரு சரிக்குறி. பிறகு பக்கத்துக் கடைக் கணினியிலும் அதே சோதனையைச் செய்வோம். எழுதிய டிரைவிலேயே ஒழுங்காகப் படிக்கும் வட்டு, வேறு டிரைவில் படிக்காமல் போவதுண்டு. அங்கேயும் தேறினால் இரண்டாவது சரிக்குறி. உங்கள் தந்தையும் இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. பத்து வட்டுகளுக்கு மேல் போகும் எந்த வேலையையும் நாங்கள் ஒரே தொகுப்போடு விட்டதில்லை. இரண்டாவது தொகுப்பு ஒன்றும் எழுதி வைப்போம். பரணில் வேறு டப்பா இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள்.

பதில்: தேரடி கணினி மெக்கானிக்

அக்கா, நான் திருவொற்றியூரில் கணினி பழுது பார்க்கிறேன். ஐயா சொன்னவை எல்லாம் சரி. ஆனால் இணைப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன் இப்போதே ஒரு வேலையை நிறுத்துங்கள்: அந்த டிரைவில் இனி எந்த வட்டையும் போடாதீர்கள்.

ஆறாவது வட்டு வரை ஒழுங்காக இருந்துவிட்டு, அதற்குப் பிறகு போட்டவை எல்லாம் வரிசையாகப் படிக்காமல் போவது தற்செயல் அன்று. ஏழாவது வட்டில் பூஞ்சை பிடித்திருக்க வேண்டும். கடல் ஓரத்தில் இருக்கும் நம் பகுதியின் ஈரக் காற்றில், அடைத்து வைத்த டின்னுக்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த வட்டில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் வியப்பு. வட்டைக் கையில் எடுத்து, உலோக மூடியை ஒரு பக்கமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள உலோகக் குமிழை விரலால் மெல்லச் சுற்றுங்கள். விளக்கு வெளிச்சம் சாய்வாகப் படும்படி பாருங்கள். பழுப்பு நிறப் பரப்பின் மேல் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் புள்ளிகளோ மெல்லிய திட்டுகளோ தெரிந்தால் அதுதான் பூஞ்சை. டிரைவின் தலை, அதாவது வட்டைப் படிக்கும் முனை, வட்டைத் தொட்டுக்கொண்டே ஓடுவதால், அந்த அழுக்கைத் தன்மேல் அப்பிக்கொள்ளும். அடுத்து நல்ல வட்டைப் போட்டாலும் படிக்காது. அதைவிட மோசம், நல்ல வட்டின் பரப்பையும் வட்டமாகக் கீறிவிடும். எட்டாவது, ஒன்பதாவது வட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனது டிரைவின் தலையாக இருக்கலாம்.

அடர்த்தி மிகுந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, மேல் தலை, கீழ்த் தலை இரண்டையும் அழுத்தாமல் துடைக்க வேண்டும். மேல் தலையைத் தூக்கும்போது மிகுந்த கவனம் தேவை. அதைத் தாங்கும் தகடு சற்று வளைந்தாலும் டிரைவ் போய்விடும். காய்ந்த பிறகு, இழந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும் ஒரு வட்டைப் போட்டுச் சோதியுங்கள். உங்கள் அப்பாவின் வட்டுகள் எல்லாவற்றிலும் மூலையில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தட்டைத் துளை திறந்திருக்கும்படி நகர்த்திவிடுங்கள். அப்படிச் செய்துவிட்டால் டிரைவ் அதில் எதையும் எழுத முடியாது.

இப்போது கொள்ளளவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏழாவது வட்டை மீட்கும் வழி அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வட்டின் ஒரு பக்கத்தில் 80 தடங்கள் (வட்டப் பாதைகள்), இரண்டு பக்கங்கள், ஒரு தடத்தில் 18 பிரிவுகள், ஒரு பிரிவில் 512 பைட்டுகள். பெருக்கினால் 14,74,560 வரும். இதை 1,024ஆல் வகுத்தால் 1,440. அதையே மறுபடி ஆயிரத்தால் வகுத்து 1.44 எம்.பி. என்று அச்சிட்டார்கள். இந்த மொத்தத்தில் முதல் 33 பிரிவுகளை வட்டே தன் கணக்கு வழக்குக்காக எடுத்துக்கொள்கிறது: தொடக்கப் பிரிவு ஒன்று, எந்தக் கோப்பு எங்கே தொடர்கிறது என்று காட்டும் அட்டவணைக்கு ஒன்பது, அதன் நகலுக்கு இன்னொரு ஒன்பது, கோப்புப் பெயர்ப் பட்டியலுக்குப் பதினான்கு. 33 பிரிவுகளுக்கு 16,896 பைட்டுகள். கழித்தால் நீங்கள் பார்த்த 14,57,664 கிடைக்கும். ஆகவே அது பழுது அன்று. பழுதில்லாத வட்டின் சரியான அளவு அதுதான். வடிவமைக்கும்போதே சில பிரிவுகள் கெட்டிருந்தால் அந்த எண் குறைந்து காட்டும்.

அந்த 33 பிரிவுகளும் வட்டின் வெளி விளிம்பில், முதல் தடத்தின் இரண்டு பக்கங்களிலேயே அடங்கிவிடுகின்றன. பூஞ்சை அந்த விளிம்பில் மட்டும் பட்டிருந்தால்கூட, தொடக்கப் பிரிவைப் படிக்க முடியாத விண்டோஸ், இது வடிவமைக்காத வட்டு என்று முடிவு செய்துவிடும். உள்ளே 79 தடங்களும் பழுதில்லாமல் இருக்கலாம். அதனால் கோப்பாகப் படிக்காமல், வட்டு முழுவதையும் பிரிவு பிரிவாக ஒரே பிம்பக் கோப்பாக எடுக்க வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இதற்கு ஏற்றது. படிக்க முடிந்த பிரிவுகளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, முடியாதவற்றைக் குறித்து வைத்து, பிறகு அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். வேறு டிரைவில் வட்டைப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யலாம்.

ஒரு வட்டில் ஒரே கோப்பு மட்டும், புதிதாக வடிவமைத்த வட்டில் எழுதியிருந்தால், அது முப்பத்து நான்காவது பிரிவில் தொடங்கி இடைவெளியில்லாமல் வரிசையாகவே இருக்கும். எனவே அட்டவணை அழிந்திருந்தாலும் கவலையில்லை; பிம்பக் கோப்பின் முன்பகுதியில் 16,896 பைட்டுகளை வெட்டி எறிந்தால் மிச்சம் இருப்பது உங்கள் கோப்புதான்.

யூ.எஸ்.பி. டிரைவைவிட, பழைய மேசைக் கணினிக்குள் இருந்த டிரைவ்கள் இவ்வகை வட்டுகளை நன்றாகப் படிப்பதை என் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னிடம் அப்படி இரண்டு டிரைவ்கள் வேலை செய்யும் நிலையில் இருக்கின்றன. வட்டு ஒன்றை முழுதாகப் படிக்கக் குறைந்தது 32 வினாடிகள் ஆகும்: வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு தடத்தின் ஒரு பக்கம். அந்த நேரத்தில் காதைக் கொடுத்துக் கேட்டால் தலை ஒரே சீராக டிக், டிக் என்று உள்நோக்கி நகர்வது தெரியும். நடுவில் நின்று, கர்ரென்று விளிம்புக்கு ஓடித் திரும்பி வந்தால், அந்த இடத்தில் சிக்கல் என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், தேரடி மெட்ரோவிலிருந்து நடந்து வரும் தொலைவுதான். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கொருக்குப்பேட்டை மகள்

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே வெளிச்சத்தில் பார்த்தேன். ஏழாவது வட்டின் விளிம்பில் பாதி வட்டத்துக்கு வெண்மையாகப் படிந்திருக்கிறது. பத்தாவது வட்டின் நடுப்பகுதியிலும் கடுகளவில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. எட்டும் ஒன்பதும் பளபளவென்று இருக்கின்றன.

ஐயா சொன்னதைக் கேட்டு மறுபடியும் பரணில் தேடியதில், அப்பாவின் பழைய ரசீதுப் புத்தகங்களுக்குக் கீழே இன்னொரு தொகுப்பு கிடைத்தது. ஆனால் இதில் பன்னிரண்டு வட்டுகள் இருக்கின்றன. ‘மலர் ஆ 1/12’ என்று எழுதியிருக்கிறது, சரிக்குறி ஒன்றுதான் உள்ளது. இந்தத் தொகுப்பின் ஏழாவது வட்டில் பூஞ்சை எதுவும் தெரியவில்லை. அதை எடுத்து முதல் தொகுப்பின் ஏழாவது வட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பெரம்பூர் நிரலர்

கூடாது. இரண்டு தொகுப்புகளும் ஒரே கோப்புகளைத்தான் கொண்டிருக்கின்றன என்றாலும், வெட்டிய இடங்கள் வேறு.

பதினொன்று எப்படிப் பன்னிரண்டு ஆனது என்று யோசித்துப் பாருங்கள். ஏ.ஆர்.ஜே.யில் பகுதியின் அளவை நாமே எண்ணாகக் கொடுக்கலாம். அல்லது வட்டில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எழுதிக்கொள் என்று விட்டுவிடலாம். உங்கள் தந்தை இரண்டாவது வழியைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டாவது தொகுப்புக்கு எடுத்த வட்டுகளில் ஒன்றிரண்டில் கெட்ட பிரிவுகள் இருந்திருக்கும், அவற்றின் கொள்ளளவு குறைந்திருக்கும், மிஞ்சியது பன்னிரண்டாவது வட்டுக்குத் தள்ளப்பட்டிருக்கும். அந்தக் குறைவான வட்டு மூன்றாவதாக இருந்திருந்தால், நான்காவதிலிருந்து எல்லா வெட்டுகளும் நகர்ந்துவிடும். ‘ஆ’ தொகுப்பின் ஏழாவது பகுதியை முதல் தொகுப்பில் செருகினால், சில பைட்டுகள் இரண்டு முறை வரும் அல்லது விடுபடும். பகுதிகளின் அளவுகளை இரு தொகுப்புகளிலும் வரிசையாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வட்டிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றும் கடைசி பைட் வரை ஒத்துப்போனால் மட்டுமே மாற்றி வைக்கலாம்.

ஆனால் ‘ஆ’ தொகுப்பு வீண் அன்று. வட்டுக்கு வட்டு மாற்றாமல், கோப்புக்குக் கோப்பு மாற்றுங்கள். இரண்டு தொகுப்புகளையும் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்து, தனித்தனியாகப் பிரித்தெடுங்கள். ஏ.ஆர்.ஜே. ஒவ்வொரு கோப்புக்கும் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண்ணை எழுதி வைக்கிறது. பிரிக்கும்போது அந்த எண் பொருந்தாவிட்டால் உடனே பிழை காட்டும். முதல் தொகுப்பில் ஏழாவது வட்டில் சிக்கிக் கெட்ட படம், ‘ஆ’ தொகுப்பில் வேறொரு வட்டில் பத்திரமாக இருக்கக்கூடும். எது பிழையில்லாமல் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய விண்டோஸில் அந்தப் பழைய மென்பொருள் நேரடியாக ஓடாது. பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் வழியாக ஓட்டலாம், அல்லது லினக்ஸில் அதே பெயரில் உள்ள திறமூல மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். பிம்பக் கோப்புகளின் நகல் ஒன்றை எதையும் தொடுவதற்கு முன் வேறு வன்வட்டில் எடுத்து வையுங்கள்.

கொருக்குப்பேட்டை மகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேரடிக்குப் போனோம். அங்கே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். இதே நிலையில் வட்டுகளை வைத்திருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

தம்பி முதலில் ஏழாவது வட்டின் பிளாஸ்டிக் உறையைக் கவனமாகப் பிளந்து, உள்ளே இருந்த மெல்லிய வட்டை வெளியே எடுத்தார். அதை ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி இரு பக்கமும் துடைத்தார். காய வைத்து, பயன்படாத வேறொரு வட்டின் சுத்தமான உறைக்குள் பொருத்தினார். அதன்பிறகுதான் டிரைவில் போட்டார். தொடங்கியதும் டிரைவ் தயங்கியது. விளிம்பிலேயே நாலைந்து முறை முட்டி மோதியது. பிறகு அவர் சொன்ன அந்தச் சீரான ஒலி வந்தது. அது கடைசித் தடம் வரை நிற்காமல் போனபோது நாங்கள் யாரும் பேசவில்லை.

முதல் தடத்தின் ஒரு பக்கத்தில் 18 பிரிவுகள் மட்டும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. தொடக்கப் பிரிவும் அட்டவணையும் அவற்றோடு போய்விட்டன. ஆனால் கோப்புப் பெயர்ப் பட்டியல் மறுபக்கத்தில் இருந்ததால், ‘மலர்’ என்ற பெயரும் ஏ06 என்ற பின்னொட்டும் கோப்பின் அளவும் தெளிவாகக் கிடைத்தன. முன்பகுதியில் 16,896 பைட்டுகளை வெட்டி, பட்டியலில் இருந்த அளவுக்கு மிச்சத்தை எடுத்துச் சோதனைக் கட்டளை கொடுத்தபோது, ஏழாவது பகுதி பிழையில்லாமல் தேறியது.

எட்டு, ஒன்பது, பதினொன்று ஆகிய மூன்று வட்டுகளும் தலையைத் துடைத்த டிரைவில் முதல் முயற்சியிலேயே வந்துவிட்டன. பத்தாவதில் மூன்று பிரிவுகள் படிக்கவில்லை. அதில் சிக்கியது ஒரே ஒரு படம். பெரம்பூர் நண்பர் சொன்னபடி அதை ‘ஆ’ தொகுப்பில் தேடினோம். பகுதிகளின் அளவு மூன்றாவது வட்டிலேயே வேறுபட்டது. அவர் ஊகித்தது சரிதான். அந்தப் படம் அங்கே பதினோராவது வட்டில் இருந்தது. அந்த வட்டின் நிலை பத்தாவதைவிட மோசம். பாதிக்கு மேல் பூஞ்சை. இன்னொரு முறை வேறு டிரைவில் முயன்று பார்க்கலாம் என்று தம்பி அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

பிழை இருந்தாலும் வந்தவரை சேமித்துக்கொண்டு அந்தப் படத்தைத் திறந்து பார்த்தோம். 1973இல் படிப்பகம் தொடங்கிய நாளில் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட குழுப்படம் அது. மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே சாம்பல் நிறக் கோடுகள்தான். நிற்பவர்களின் முகங்கள் எல்லாம் தெரிகின்றன. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த சிறுவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர் அப்பா என்று அம்மா சொல்கிறார். ஆகவே அந்தப் பதினோராவது வட்டை நான் விடுவதாக இல்லை.

ஐயாவிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மலரின் பக்கங்கள் திறக்கின்றன, படங்கள் அவற்றின் இடத்தில் இருக்கின்றன, ஆனால் எழுத்துகள் எல்லாம் தமிழாக இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: மண்ணடி அச்சுக்காரர்

கெடவில்லை, மகளே. சரிபார்ப்பு எண் பொருந்தியிருக்கிறது என்றால் 1998இல் உங்கள் தந்தை எழுதியது அப்படியே இருக்கிறது. கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீட்டு முறைகளே 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தது. அதே எழுத்துரு கிடைத்தால் பக்கம் அப்படியே தமிழாகிவிடும். பிறகு அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிலிம் எடுக்கும் கூடத்தில் நம் எழுத்துரு இருக்காது என்பதால், நாங்கள் பக்கக் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்தே சுருக்கி அனுப்புவோம். பிரித்தெடுத்த கோப்புகளின் பட்டியலில் டி.டி.எஃப். அல்லது பி.எஃப்.பி. என்ற பின்னொட்டு உள்ளவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் நிறுவிவிட்டு மலரைத் திறங்கள். இல்லாவிட்டால், ஒரு பக்கத்தில் கர்சரை எழுத்தின் மேல் வைத்து, பேஜ்மேக்கர் காட்டும் எழுத்துருவின் பெயரை இங்கே எழுதுங்கள். அந்த ஆண்டுகளில் நான் பயன்படுத்திய எழுத்துருக்கள் அனைத்தையும் ஒரு சிடியில் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் தேடிப் பார்க்கிறேன்.